பழைய வீட்டின் வெக்கையும் மின்பட்டியலும்: மட்டக்களப்பில் ஒரு செலவுக் கணக்கு

பழைய வீட்டில் ஓர் அறைக்குக் குளிரூட்டி பூட்ட நினைப்பவர் கடையில் கேட்கும் முதற்கேள்வி, மாதம் எவ்வளவு கரண்ட் பில் கூடும் என்பதாகவே இருக்கும். கடையில் சொல்லப்படும் தொகை பெரும்பாலும் உண்மைச் செலவைவிடக் குறைவாக இருந்துவிடுகிறது. விற்பனையாளர் பொய் சொல்கிறார் என்பதல்ல இதற்குக் காரணம். அவர் இயந்திரத்தின் வாட் அளவைப் பார்த்துக் கணக்கிடுகிறார். ஆனால் செலவைத் தீர்மானிப்பவை அந்த அறையின் கூரையும், அந்த வீடு ஏற்கெனவே எரிக்கும் அலகுகளும் ஆகும். இவ்விரண்டையும் சேர்த்து எண்ணாத எந்த மதிப்பீடும் கோடை முடிவதற்குள் பொய்த்துப்போகும்.

குளிர் நாடுகளில் வாழும் நம் உறவினர்களுக்கு இக்கணக்கு மறுபக்கமாகப் பழக்கமானது. பிரித்தானியாவில் பழைய செங்கல் வீடொன்றைச் சூடாக்குவதற்கு ஆகும் செலவை மதிப்பிடுவோர், வெளி வெப்பநிலை 15.5 பாகை செல்சியசுக்குக் கீழே எத்தனை நாட்கள், எத்தனை பாகை இறங்கியது என்று கூட்டி, அந்தத் தொகையுடன் எரிவாயுப் பட்டியலை ஒப்பிடுவார்கள். கோடையில் வரும் சிறிய பட்டியல் சமையலுக்கும் வெந்நீருக்குமானது. குளிர்காலத்தில் அதற்கு மேல் ஏறுவதெல்லாம் வீட்டைச் சூடாக்கியதற்கானது. இந்தக் கழித்தல் முறை நமக்கும் அப்படியே உதவும். ஆனால் அங்கிருந்து வரும் திருத்த ஆலோசனைகள் அனைத்தும் இங்கே பொருந்தமாட்டா. அங்கே மாரியில் உள்ளுக்கும் வெளிக்கும் இடையே 15 முதல் 20 பாகை வேறுபாடு இருப்பதால், சுவரில் வெப்பக் காப்பிடுவது பெரிய இலாபம் தரும். மட்டக்களப்பில் வெளியே 33 பாகை, அறைக்குள் 27 பாகை என்று வைத்தால் வேறுபாடு ஆறு பாகை மட்டுமே. நம் வீட்டுக்குள் வெப்பத்தைக் கொண்டுவருவதில் வெளிக்காற்றுக்கு உள்ள பங்கு சிறியது. பெரும்பங்கு தலைக்கு மேலே நிற்கும் வெயிலுக்கும், காற்றோடு கலந்து வரும் ஈரப்பதனுக்கும் உரியது.

மட்டக்களப்பு வட அகலக்கோடு 7.7 பாகையில் இருப்பதால், ஆண்டுக்கு இருமுறை, சித்திரைப் புத்தாண்டுக்குச் சற்று முன்பும் செப்டெம்பர் தொடக்கத்திலும், நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கிறது. இடைப்பட்ட மாதங்களில் அது சற்றே வடக்காக நகர்ந்து நிற்கும். அப்போது வெயில் படும் சுவர் வடசுவராகும். எந்த மாதமானாலும் நாள் முழுவதும் வெயில் வாங்குவது கூரைதான். கிழக்குச் சுவர் காலையிலும் மேற்குச் சுவர் பிற்பகலிலும் ஒவ்வொரு வேளையே வெயில் வாங்குகின்றன. ஆகவே இங்கே ஒரு ரூபாயைச் செலவழிக்க முதலில் பார்க்கவேண்டிய இடம் கூரை, இரண்டாவது மேற்குச் சுவர். மற்றவை அதற்குப் பின்னால் வரட்டும்.

முதலில் கணக்கை எடுத்துக்கொள்வோம். கையிலுள்ள மின்பட்டியல்களில் ஓராண்டுக்குரியவற்றைத் தேடி எடுத்து, ஒவ்வொன்றிலும் உள்ள அலகுகளை, இரண்டு மானி வாசிப்புகளுக்கும் இடைப்பட்ட நாட்களால் வகுக்கவேண்டும். வாசிப்பாளர் சில மாதங்களில் முந்தியும் சில மாதங்களில் பிந்தியும் வருவதால், மாத அலகுகளை அப்படியே ஒப்பிட்டால் கணக்குத் தவறிவிடும். நாளொன்றுக்கு எத்தனை அலகு என்பதே நம்பத்தக்க எண். வாடைக்காற்றோடு மழை பெய்யும் மார்கழி, தை மாதங்களில் வரும் எண்ணை அடிப்படையாகக் கொள்ளலாம். குளிர்சாதனப் பெட்டி, விளக்கு, தண்ணீர் மோட்டார், தொலைக்காட்சி, மின்அழுத்தி ஆகியவற்றின் தேவை அதுவே. வைகாசியிலிருந்து ஆவணி வரை அதற்கு மேலே ஏறுவது வெக்கையைத் தணிப்பதற்காக வீடு கொடுக்கும் விலை. தையில் நாளுக்கு 3 அலகும் ஆனியில் 5 அலகும் எரியும் வீட்டில், வெக்கைக்குப் போவது நாளுக்கு 2 அலகு. இதில் சிறு பிழை உண்டு; கோடையில் குளிர்சாதனப் பெட்டியும் கூடுதலாக ஓடும், பள்ளி விடுமுறையில் பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள். எனினும் கடையில் வாய்மொழியாகக் கிடைக்கும் மதிப்பீட்டைவிட இது பலமடங்கு திருத்தமானது.

அடுத்து வருவது விலை. இலங்கையில் வீட்டு மின்கட்டணம் படிமுறையானது. மாதம் 60 அலகுக்குள் அடங்கும் வீடுகளுக்குத் தனியான குறைந்த கட்டணம். அதைத் தாண்டினால் முதல் 60 அலகுக்கு ஒரு விலை, பின்னர் 90, 120, 180 என்னும் எல்லைகளில் அலகின் விலை படிப்படியாக ஏறுகிறது, 180க்கு மேல் உச்சவிலை. மாதாந்த நிலையான கட்டணமும் படியோடு சேர்ந்து உயரும். 2022 ஆகஸ்டில் சராசரியாக 75 சதவீதமும் 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதமும் கட்டணம் உயர்ந்ததை எவரும் மறந்திருக்கமாட்டார்கள். அதன் பின்னர் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு குறைத்தும் கூட்டியும் பலமுறை திருத்தியுள்ளது. ஆகவே இங்கே கணக்குக்கு இலகுவாக, பட்டியலின் அமைப்பை ஒத்த உருண்டை எண்களைக் கொள்கிறேன்: முதல் 60 அலகு தலா 13 ரூபாய், அடுத்த 30 தலா 18, அடுத்த 30 தலா 25, அடுத்த 60 தலா 40, அதற்கு மேல் 60. வாசிப்பவர் தம் கையிலுள்ள பட்டியலின் விலைகளை இவற்றுக்குப் பதிலாகப் போட்டுக்கொள்ளலாம்.

மாதம் 110 அலகு எரியும் ஒரு வீட்டை எடுப்போம். நிலையான கட்டணம் நீங்கலாக அது 780, 540, 500 என்று கூடி 1,820 ரூபாய் ஆகிறது. ஓர் அலகின் சராசரி விலை 16 ரூபாய் 50 சதம். அந்த வீட்டில் 9,000 பி.டி.யு. (மணிக்கு வெளியேற்றும் வெப்பத்தின் அளவு) குளிரூட்டியொன்று பிற்பகலில் மூன்று மணிநேரமும் இரவில் ஆறு மணிநேரமும் ஓடினால், நாளுக்கு ஏறத்தாழ 5 அலகு, மாதம் 150 அலகு எரியும். சராசரி விலையால் பெருக்கிப் பார்ப்பவருக்கு அது 2,500 ரூபாய்க்குச் சற்றுக் குறைவான தொகையாகத் தோன்றும். உண்மையில் அந்த 150 அலகுகளில் பத்து மட்டுமே 25 ரூபாய்ப் படியில் விழுகின்றன. அறுபது 40 ரூபாய்ப் படியிலும், எண்பது 60 ரூபாய்ப் படியிலும் போய் நிற்கின்றன. கூடுதல் செலவு 7,450 ரூபாய், அதாவது எண்ணியதைப் போல் மூன்று மடங்கு. புதிதாகச் சேரும் எந்தச் சாதனமும் பட்டியலின் அடியில் நுழைவதில்லை, உச்சியில்தான் ஏறுகிறது என்பதை மறந்ததே அந்த மதிப்பீட்டின் குறை.

இதே விதி சேமிப்பிலும் மறுபக்கமாக வேலை செய்வதைப் பலர் கவனிப்பதில்லை. 260 அலகு எரியும் அந்த வீடு ஏதோவொரு திருத்தத்தால் 50 அலகைக் குறைத்தால், குறைவது சராசரி விலையுள்ள 50 அலகுகள் அல்ல, 60 ரூபாய் விலையுள்ள 50 அலகுகள். மாதம் 3,000 ரூபாய் மிச்சம். வெக்கைக் காலம் ஐந்து மாதம் என்றால் ஆண்டுக்கு 15,000. திருத்தத்துக்கு 45,000 ரூபாய் போனதென்று வைத்தால் மூன்று ஆண்டில் போட்ட முதல் திரும்பிவிடும். சராசரி விலையைப் பிடித்துக் கணக்கிட்டவருக்கு அதே வேலை ஐந்து ஆண்டு எடுக்கும் என்று தெரியும்; வேண்டாம் என்று விட்டுவிடுவார். மாறாக, மாதம் 60 அலகுக்குள் வாழும் வீட்டுக்குக் கூரைத் திருத்தத்தால் பணமாக வரும் இலாபம் ஏதுமில்லை என்று சொல்லிவிடவேண்டும். அங்கே அந்தச் செலவு முதியவரின் நித்திரைக்கும் கைக்குழந்தையின் சுகத்துக்குமாகச் செய்யப்படுவது. அதற்கு மின்பட்டியலைச் சாட்சிக்கு அழைப்பது பொருந்தாது.

இனிக் கூரையைப் பார்ப்போம். புளியந்தீவிலோ நாவற்குடாவிலோ கல்முனையிலோ காணும் பழைய வீடுகள் பெரும்பாலும் ஒரே காலத்தில் கட்டப்பட்டவை அல்ல. முன்பகுதி கள்ளிக்கோட்டை ஓடு, தடித்த செங்கற்சுவர், சுண்ணாம்புச் சாந்து, உயர்ந்த முகடு, அகன்ற விறாந்தை. பின்னால் குடும்பம் பெருகப் பெருக இறக்கிய பத்திகள், அவற்றுக்கு அஸ்பெஸ்டஸ் சீட். இன்னும் பின்னால் அண்மையில் போட்ட கொங்கிறீட் பிளாட். மூன்று கூரையும் வெயிலை மூன்று விதமாக நடத்துகின்றன. எனவே ஒரே வீட்டுக்குள் ஒரே மருந்து உதவாது.

சீட் கூரைதான் கணக்கிட இலகுவானது. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி அறையின் கூரைப் பரப்பு சுமார் 13.4 சதுர மீற்றர். நிறம் கறுத்த பழைய சீட், நண்பகலில் காற்றின் வெப்பநிலை 33 பாகையாக இருக்கையில், வெயிலையும் சேர்த்து 65 பாகை உள்ள சூழலில் இருப்பதுபோல் நடந்துகொள்ளும். சீலிங் இல்லாத அக்கூரை, ஒவ்வொரு சதுர மீற்றரிலும் ஒவ்வொரு பாகை வேறுபாட்டுக்கும் ஏறத்தாழ 5 வாட்டை உள்ளே விடும் என்று கொண்டால், 27 பாகையில் வைத்திருக்கும் அறைக்குள் 2,500 வாட் வெப்பம் இறங்குகிறது. இது மணிக்கு 8,700 பி.டி.யு. அளவு. 9,000 பி.டி.யு. குளிரூட்டி அந்நேரத்தில் கூரையோடு மட்டுமே மல்லுக்கட்டுகிறது. ஆளுக்கும் சுவருக்கும் யன்னலுக்கும் அதனிடம் எதுவும் மிச்சமில்லை. அதே அறைக்கு அலுமினியப் படலமும் சீலிங்கும் இட்டால் உள்ளே வரும் வெப்பம் 700 வாட் அளவுக்குக் குறையும். சீலிங் இடாமல் சீட்டின் மேலே வெள்ளைப் பூச்சு மட்டும் பூசினால் 1,100 வாட்டுக்குக் கிட்ட வரும். இரண்டும் சேர்ந்தால் 300 வாட். இவை தோராய எண்கள்தான். ஆனால் எந்த வரிசையில் பணத்தைச் செலவழிப்பது என்று முடிவெடுக்க இந்தத் தோராயமே போதும். பெரிய குளிரூட்டி வாங்குவதற்கு முன் ஒரு வாளி வெள்ளைப் பூச்சு வாங்குவதே முறை.

ஆயினும் இங்கே ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்கவேண்டும்: அந்த அறை எந்த நேரத்தில் பாவிக்கப்படுகிறது? சீட் கூரை வெயில் சாய்ந்ததும் விரைவாக ஆறிவிடும்; நள்ளிரவில் அது வெளிக்காற்றைவிடக் குளிர்ந்தும் இருக்கும். இரவு மட்டும் படுக்கும் அறையென்றால் மேலே சொன்ன 2,500 வாட் நேரடியாகப் பட்டியலில் தோன்றாது. பகலில் சுவரும் தரையும் கட்டிலும் மெத்தையும் வாங்கிவைத்த சூடு மட்டுமே தோன்றும். பகலில் பிள்ளை படிக்கும் அறை, நோயாளி படுக்கும் அறை, தையல் இயந்திரம் வைத்திருக்கும் அறை ஆகியவற்றில்தான் அந்தக் கணக்கு முழுதாகப் பொருந்தும்.

கொங்கிறீட் பிளாட்டின் குணம் இதற்கு நேரெதிரானது. நாலைந்து அங்குலத் தடிப்புள்ள தளம் பகல் வெயிலைக் குடித்து, நாலைந்து மணிநேரம் பிந்தி உள்ளே விடுகிறது. காத்தான்குடி, சாய்ந்தமருது, மருதமுனை போன்ற நெருக்கமான ஊர்களில் மாடியறையில் படுப்பவர்களுக்கு இது தெரிந்ததே: இரவு ஒன்பது மணிக்குச் சீலிங்கைத் தொட்டால் கை சுடும், வெளியே காற்றோ இதமாக இருக்கும். படுக்கும் நேரமும் தளம் சூட்டைக் கக்கும் நேரமும் ஒன்றாகவே அமைந்துவிடுவதால், இங்கே குளிரூட்டியின் செலவு முழுவதும் இரவிலேயே விழுகிறது. உள்ளே சீலிங் அடிப்பது ஓரளவு உதவும். ஆனால் தளத்தில் வெயில் படாமல் தடுப்பதே சரியான மருந்து. மேலே ஓராள் உயரத்தில் தகரக் கூரை ஒன்றை நான்கு பக்கமும் திறந்ததாகப் போட்டால் தளம் நிழலுக்குள் வந்துவிடும், துணி காயப்போடவும் இடமாகும். அதற்குப் பணமில்லாதவர் தளத்துக்கு வெள்ளைப் பூச்சுப் பூசலாம். தகரக் கூரை போடுபவர் கம்பிகளைத் தளத்தோடு இறுகக் கட்டவேண்டும். 1978 நவம்பரில் அடித்த சூறாவளியை நினைவில் வைத்திருக்கும் ஊருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஓட்டுக் கூரையைப் பற்றிக் குறைகூற மனம் வரவில்லை. ஓடுகளின் இடுக்கு வழியே சூடான காற்று மேலே வெளியேறுகிறது, மழையில் நனைந்த மண் ஓடு காயும்போது தானும் குளிர்கிறது, உயர்ந்த முகடு சூட்டைத் தலைக்கு எட்டாத இடத்தில் நிறுத்துகிறது. யன்னலும் கதவும் திறந்து மின்விசிறி சுழலும் வாழ்க்கைக்கென்றே அமைந்த கூரை அது. கேடு தொடங்குவது, அந்த வீட்டின் ஓர் அறையில் குளிரூட்டியைப் பூட்டிவிட்டு மற்ற எல்லாவற்றையும் இருந்தபடி விடும்போதுதான். சுவருக்கும் ஓட்டுக்கும் இடையில் ஒரு கைநுழையும் இடைவெளி, கதவுக்கு மேலே துவாரமிட்ட கல், ஒழுங்காகச் சாத்தாத கண்ணாடி லூவர் யன்னல் ஆகிய மூன்று வழியாலும் குளிர்ந்த காற்று போய் ஈரக்காற்று வருகிறது.

ஈரக்காற்றின் விலையை நாம் குறைத்தே மதிக்கிறோம். 12 அடிக்கு 12 அடியும் பத்தடி உயரமும் உள்ள அறையில் காற்று மணிக்கு இருமுறை முழுதாக மாறினால், அதைக் குளிர்த்தவும் உலர்த்தவும் ஏறத்தாழ 700 வாட் குளிரூட்டல் தேவைப்படும். அதில் ஐந்தில் நான்கு பங்கு வெப்பநிலையைக் குறைப்பதற்கல்ல, காற்றிலுள்ள நீராவியைத் தண்ணீராக்கி வெளிக்குழாயால் சொட்டவைப்பதற்கே போகிறது. ஓட்டுக்கும் சுவருக்கும் இடையே திறந்துகிடக்கும் அறையில் காற்று இருமுறை அல்ல, அதைவிடப் பலமுறை மாறும். குளிரூட்டியின் வெளிக்குழாயில் விடியும்வரை ஓயாமல் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தால், அறை எங்கோ வெளியோடு பேசிக்கொண்டிருக்கிறது என்று பொருள். விளக்கை அணைத்துவிட்டுப் பகலில் அறைக்குள் நின்று அண்ணாந்து பார்த்தால், வெளிச்சம் கீற்றாக விழும் ஒவ்வோர் இடமும் பணம் போகும் இடம்.

ஆகவே ஓட்டு வீட்டில் ஒரேயொரு அறையைத் தெரிந்தெடுத்து, அதற்குச் சீலிங் இட்டு, விளிம்புகளை அடைத்து, லூவருக்குப் பதிலாக இறுகச் சாத்தும் யன்னல் வைத்து, கதவின் அடியிடுக்குக்கு ரப்பர் பட்டி ஒட்டி, அந்த அறைக்கு மட்டும் குளிரூட்டி பூட்டுவதே அறிவுடைமை. வீட்டின் மற்றப் பகுதி முன்போலத் திறந்தே இருக்கட்டும். சீலிங் இடுவோர் எலியையும் மரநாயையும் கணக்கில் சேர்க்கவேண்டும்; ஓட்டின் கீழ்விளிம்பில் கம்பிவலை அடிக்காமல் சீலிங் மட்டும் இட்டால், மாரிக்கு முன்னரே மேலே ஒரு குடும்பம் குடியேறிவிடும், அதன் மூத்திர நாற்றத்துக்கு எந்தக் குளிரூட்டியும் மருந்தல்ல.

அலுமினியப் படலம் பற்றி இரண்டு எச்சரிக்கைகள். படலம் வேலை செய்வதற்கு அதன் மினுங்கும் முகத்தின் எதிரே ஓர் அங்குலமாவது காற்றிடை வேண்டும். சீட்டோடு ஒட்டி அடித்தால் அது வெறும் உலோகத் தாள். மினுங்கும் முகம் கீழ்நோக்கி இருப்பது நல்லது, மேல்நோக்கிய முகத்தில் தூசி படிந்து ஓரிரண்டு ஆண்டில் அதன் குணம் மங்கிவிடும். இரண்டாவது எச்சரிக்கை உயிர் பற்றியது. அலுமினியம் மின்சாரத்தைக் கடத்தும். அவுஸ்திரேலியாவில் 2009, 2010 ஆண்டுகளில் அரசாங்கம் வீட்டுக் கூரைகளுக்கு வெப்பக் காப்பிடும் திட்டமொன்றை அவசரமாக நடத்தியபோது இளம் தொழிலாளர் நால்வர் இறந்தார்கள். அவர்களில் மூவர் மின்சாரம் தாக்கி இறந்தவர்கள். பழைய வீடுகளில் தீராந்தியோரமாக ஓடும் வயர்களின் உறை வெக்கையில் வெடித்திருப்பது சாதாரணம். படலம் அடிக்கும் நாளில் பிரதான சுவிச்சை அணைத்துவிட்டு வேலையைத் தொடங்கவேண்டும். அதற்கு முன் மின்கசிவைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிச் சரியாக வேலை செய்கிறதா என்று அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்க்கவேண்டும்.

அஸ்பெஸ்டஸ் சீட்டை எப்படிக் கையாள்வது என்பதும் இங்கேயே எழும் கேள்வி. 2018 முதல் அதன் இறக்குமதியைக் கட்டுப்படுத்த இலங்கை எடுத்திருந்த முடிவு, அதற்கு முந்திய டிசெம்பரில் ரஷ்யா இலங்கைத் தேயிலையை நிறுத்திவைத்ததையடுத்துப் பின்தள்ளப்பட்டது. சீட்டுகள் விற்பனையிலும் நம் கூரைகளிலும் தொடர்கின்றன. அதன் நார்த்தூசி புற்றுநோயை உண்டாக்கும் என்பதில் மருத்துவ உலகில் கருத்து வேறுபாடு இல்லை. உடையாமல் இருக்கும் சீட்டை அப்படியே விட்டு மேலே பூச்சுப் பூசுவதால் நார் வெளியேறுவது குறையும், வெக்கையும் குறையும். இரண்டு நன்மையும் ஒரே செலவில் கிடைக்கிறது. பூசுவதற்கு முன் பாசியை உலர்ந்த நிலையில் கம்பிப் புருசால் சுரண்டுவதும், உயரழுத்தத் தண்ணீரால் அடித்துக் கழுவுவதும் கூடாது. நனைத்து, மென்மையாகத் துடைத்து, முகமூடி அணிந்து வேலை செய்யவேண்டும். சீட்டில் நேராகக் காலை வைத்தால் அது இடிந்து விழும் என்பதையும் கூலிக்கு ஏறுபவருக்குச் சொல்லவேண்டும். பலகை போட்டு, ஆணி வரிசையின் மேலேயே நடக்கவேண்டும். மாரி மழைக்குப் பின் வெள்ளைக் கூரையில் கறுப்புப் பாசி ஏறும், ஆகவே சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கழுவலையும் மறுபூச்சையும் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்வது நேர்மை.

காற்றுக்கும் இந்தக் கணக்கில் இடமுண்டு. வைகாசி தொடங்கி ஆவணி வரை மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு இறங்கிவரும் தென்மேல் பருவக்காற்று, நம் பக்கத்தில் கச்சானாக, சூடும் வரட்சியும் கொண்டதாக வீசுகிறது. வாவிக்குக் கிழக்கே கடலோரமாக உள்ள எழுவான்கரை மக்களுக்குப் பிற்பகலில் கடற்காற்று வந்து ஆறுதல் தரும். வாவிக்கு மேற்கே படுவான்கரையிலும், அம்பாறை நகர்ப்பக்கத்திலும் அந்த ஆறுதல் பிந்தியே வரும், சில நாள் வராமலும் போகும். கச்சான் அடிக்கும் பகலில் யன்னல்களைத் திறந்துவைப்பது சூட்டை வலிய அழைப்பதாகும். காலை ஒன்பது மணியளவில் மேற்குப் பக்க யன்னல்களைச் சாத்திவிட்டு, கடற்காற்று திரும்பியதும் அல்லது இரவானதும் எல்லாவற்றையும் திறப்பதே செலவில்லாத திருத்தம். விறாந்தையில் தண்ணீர் தெளிப்பதும் நனைத்த துணியைத் தொங்கவிடுவதும் இந்த வரண்ட காற்றில் நன்றாக வேலை செய்யும். ஐப்பசிக்குப் பிறகு காற்று ஈரமாகிவிட்டால் அதே வேலை புழுக்கத்தைக் கூட்டும். கடைகளில் விற்கும் தண்ணீர்த் தொட்டி வைத்த விசிறிகளுக்கும் இதே வரம்பு உண்டு. மேற்குச் சுவருக்கு ஒரு கிடுகுத் தட்டியோ, படரும் கொடியோ, எட்ட நிற்கும் வேம்போ நிழல் தரும். தென்னையை வீட்டோடு ஒட்டி வைப்பதைச் சூறாவளி கண்டவர்கள் விரும்பமாட்டார்கள்.

மின்விசிறியைப் பற்றி ஒரு கணக்குச் சொல்லவேண்டும், ஏனென்றால் குளிரூட்டி இல்லாத வீடுகளில் கோடைச் செலவின் பெரும்பகுதி அதுதான். பழைய கூரை விசிறி 75 வாட் எடுக்கும், புதிய பி.எல்.டி.சி. (தூரிகையற்ற நேர்மின்) மோட்டார் விசிறி முழு வேகத்தில் 30 வாட் அளவே எடுக்கும். நான்கு விசிறிகள் நாளுக்கு 12 மணிநேரம் சுழன்றால் பழையவை மாதம் 108 அலகும் புதியவை 43 அலகும் எரிக்கும். குறைவது 65 அலகு. மாதம் 170 அலகு எரியும் வீடு 105க்கு இறங்கினால், மேலே வைத்த விலைகளின்படி 2,375 ரூபாய் மிச்சமாகிறது. சுவரில் இருக்கும் பழைய பெரிய ரெகுலேற்றர் பெட்டியை, விசிறி மெதுவாக ஓடும்போது தொட்டுப் பார்க்கலாம். அது இளஞ்சூடாக இருந்தால், வேகத்தைக் குறைத்ததால் மிஞ்சிய மின்சாரத்தின் ஒரு பங்கு அந்தப் பெட்டிக்குள் சூடாகவே வீணாகிறது. குளிரூட்டி உள்ள அறையிலும் விசிறி தேவை: விசிறி சுழன்றால் குளிரூட்டியை 24 பாகைக்குப் பதிலாக 27இல் வைத்துப் படுக்கலாம், ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ 6 சதவீதம் மின்சாரம் குறையும்.

குளிரூட்டி வாங்குவதென்று முடிவாகிவிட்டால், கூரை வேலை முடிந்த பின் அளவு பார்த்து வாங்கவேண்டும்; முன்னர் 12,000 பி.டி.யு. தேவைப்பட்ட அறைக்கு அதன்பின் 9,000 போதுமானதாக இருக்கும். தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இன்வேர்ட்டர் வகை நீண்ட நேர இரவுப் பாவனைக்கு உகந்தது. அதற்குத் தனி பிரேக்கரும் தனி வயரும் தேவை. பழைய பிளக் ஒன்றிலிருந்து நீட்டி எடுப்பது ஆபத்து. கல்லடி, நாவலடி, கல்முனைக் கடற்கரையோரம் உப்புக்காற்று வெளிப்புறப் பெட்டியின் அலுமினிய இதழ்களை அரித்துவிடும் என்பதால், கடலைப் பார்க்காத சுவரில் பூட்டி, மாதமொருமுறை நன்னீரால் மெதுவாகக் கழுவுவது அதன் ஆயுளைக் கூட்டும். தகுதியுள்ள இணைப்புகளுக்கு நேர அடிப்படைக் கட்டணமும் உண்டு. அதில் மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை உச்சவிலை, அதன்பின் விடியற்காலை 5.30 வரை குறைந்த விலை. இரவுக் குளிரூட்டிக்கே பெரும்பகுதி போகும் வீடு இரண்டு முறையிலும் தன் பட்டியலைக் கணக்கிட்டுப் பார்த்துத் தெரிவுசெய்யலாம்.

சூரிய மின்கலத்தை இறுதியில் வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. 2016இல் தொடங்கிய கூரைமேற் சூரியசக்தித் திட்டத்தின் பின் இப்பகுதியிலும் பலர் அதில் பணம் போட்டிருக்கிறார்கள், நல்ல வெயிலுள்ள ஊர் என்பதால் அது பிழையான முடிவுமல்ல. ஒரு கிலோவாட் கலங்கள் மாதம் 110 முதல் 120 அலகு வரை தரும். ஆனால் 260 அலகு எரியும் வீட்டுக்கு அளவெடுத்துக் கலங்களைப் பூட்டிய பிறகு கூரையைத் திருத்துவதென்றால், எல்லாவற்றையும் கழற்றி மீண்டும் பூட்டும் கூலி தனியாக வரும். கலங்கள் இருபது ஆண்டுக்கு மேல் உழைக்கும். அவற்றின் கீழே உள்ள பழைய சலாகையும் சீட்டும் அத்தனை காலம் நிற்குமா என்பதை, கலம் விற்க வருபவரிடம் அல்லாமல், ஏறிப் பார்க்கும் தச்சரிடம் கேட்கவேண்டும்.